கண்டாங் கெர்பாவின் அண்டை வீடுகள்: சிங்கப்பூருக்கு மனவிழிப்புச் சிகிச்சை வந்த வழி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாப் பகுதியில், புக்கிட் தீமா சாலையும் சிராங்கூன் சாலையும் கூடும் முனையைச் சுற்றியுள்ள நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பெயர்களால் வழங்கியது. எருமைத் தொழுவங்கள் இருந்தமையால் மலாய் மொழியில் அது கண்டாங் கெர்பாவ் ஆயிற்று. மூங்கில் புதர்களால் ஹொக்கியன் சீனர் நாவில் தேக்கா ஆயிற்று. சுண்ணாம்புக் காளவாய்களைக் கண்ட தமிழர் சிராங்கூன் சாலைப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். மாட்டுத் தொழில், பால் வணிகம், பூக்கடை, கோயில் என்று இவ்வட்டாரத்தின் வரலாறு பலமுறை எழுதப்பட்டிருப்பினும், மனநோய் மருத்துவத்தின் வரலாறும் தியான மரபுகள் கடல் கடந்து பரவிய வரலாறும் இங்கே ஒரே காலத்தில் அடுத்தடுத்து நின்றன என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. 1860களின் தொடக்கத்தில் அரசாங்கம் தன் மனநோயர் காப்பகத்தை இங்கே கொண்டுவந்தது. 1875ஆம் ஆண்டு, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் கிந்தா சாலையில் பர்மிய பௌத்தர்களின் கோயில் ஒன்று தோன்றியது. காப்பகம் 1887இல் இடம்பெயரும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள், இவ்விரண்டும் நடந்து எட்டும் தொலைவில் இருந்தும் ஒன்றுக்கொன்று கொடுத்ததும் பெற்றதும் எதுவுமில்லை. இன்று சிங்கப்பூர் மருத்துவமனைகளில் உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தீரா வலிக்கும் துணைச் சிகிச்சையாக வழங்கப்படும் மனவிழிப்புப் பயிற்சி, இவ்விரு மரபுகளும் சேர்ந்ததால் பிறந்தது. ஆனால் அந்தச் சேர்க்கை கண்டாங் கெர்பாவில் நிகழாமல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்து, அங்கிருந்து இங்கே வந்துசேர்ந்தது.

மனவிழிப்பு என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுவது ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் பயிற்சியாகும். உடலிலும் உள்ளத்திலும் அந்தந்தக் கணத்தில் நிகழ்வதை, அதை நன்று தீது என்று தரம் பிரிக்காமலும் அதை மாற்ற உடனே முனையாமலும், வேண்டுமென்றே கவனித்திருப்பதே அதன் சாரம். அச்சொல்லின் பின்னே நிற்பது பாலி மொழியின் 'சதி' என்ற சொல். தமிழில் சூழ்ச்சியைக் குறிக்கும் சதிக்கும் அதற்கும் உறவில்லை. வடமொழியின் ஸ்மிருதியோடு உறவுடைய அதற்கு நினைவு என்பதே வேர்ப்பொருள். இலங்கையில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாகப் பணியாற்றியபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் 'சதி'க்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற சொல்லை இட்டார், அதுவே நிலைத்தது. தமிழில் பௌத்தத்தைப் பற்றி எழுதியவர்கள் எண்வகை வழியின் ஏழாம் உறுப்பை 'நற்கடைப்பிடி' என்று வழங்கியிருக்கிறார்கள். பழைய உரைகளில் கடைப்பிடி என்பதற்கு, மனத்திற்கொண்ட பொருளை மறவாமை என்றே பொருள் கூறப்படுவதால், ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் இது மூலத்துக்கு நெருக்கமானது.

காவலில் தொடங்கிய மருத்துவம்

சிங்கப்பூரின் தொடக்க ஆண்டுகளில் மனம் பிறழ்ந்தவர்களுக்கென்று தனி இடம் எதுவும் இல்லை. குற்றவாளிகளோடு சேர்த்துச் சிறையிலேயே அவர்கள் அடைக்கப்பட்டனர். 1840இல் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்த ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட, ஆளுநர் போன்ஹாம் தனிக் கட்டடம் வேண்டுமென்று வலியுறுத்தினார். அதன் விளைவாக 1841இல் பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் மூலையில் 30 படுக்கைகளோடு ஒரு மனநோயர் மருத்துவமனை எழுந்தது. இத்தொடக்கமே அதன் இயல்பை நெடுங்காலத்துக்கு வகுத்துவிட்டது. நோயாளிக்கு ஆறுதல் தருவதைவிட, நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், பொது மருத்துவமனை கண்டாங் கெர்பாவுக்கு மாற்றப்பட்டபோது காப்பகமும் அதன் அருகிலேயே அமைந்தது. சிராங்கூன் சாலையின் மறுபகுதியில் ஏழைகளுக்கான டான் டோக் செங் மருத்துவமனையும் அதே காலத்தில் குடியேறியதால், பிற்காலத்தில் தமிழரின் கடைத்தெருவாகப் பெயர் பெற்ற இந்த வட்டாரம் அன்று நகரத்தின் நோயாளிகள் வந்து சேரும் இடமாகவும் இருந்தது. சூழ இருந்த சதுப்பு நிலமும் மாட்டுத் தொழுவங்களும் மருத்துவமனைக்கு ஏற்றவையல்ல என்ற முறையீடு அதிகாரிகளிடமிருந்தே எழுந்துகொண்டிருந்தது. இறுதியில் 1887இல், நகரின் மறுபுறத்தில், இந்தியச் சிப்பாய்களின் முகாம் இருந்தமையால் சிப்பாய் லைன்ஸ் எனப்பட்ட மேட்டுநிலத்தில், 300 படுக்கைகளோடு புதிய காப்பகம் திறக்கப்பட்டது.

அங்கே மேற்பார்வையாளராக நீண்ட காலம் இருந்த கில்மோர் எல்லிஸ், நோயாளிகளின் நடத்தையைக் கூர்ந்து பதிவு செய்த முதல் மருத்துவர்களுள் ஒருவர். மலாய் மக்களிடையே காணப்பட்ட ஆமோக் என்னும் கொலைவெறியைப் பற்றி 1893இலும், திடுக்கிட்டதும் பிறர் சொல்லையும் செயலையும் தன்னையறியாமல் திருப்பிச் செய்யும் லாத்தா என்னும் நிலையைப் பற்றி 1897இலும் அவர் எழுதிய கட்டுரைகள் ஐரோப்பிய மருத்துவ உலகில் பரவலாகப் படிக்கப்பட்டன. ஆயினும் கீழை நாட்டவரின் மனநோய்களைத் தேடிப் பதிந்த அந்தக் காலனிய மருத்துவம், மனத்தைப் பற்றிக் கீழை நாட்டவருக்கு இருந்த அறிவைத் தேடவில்லை. சிப்பாய் லைன்ஸ் காப்பகத்தில் இந்தியரும் சீனரும் மலாய்க்காரரும் ஆராயப்படும் பொருளாக மட்டுமே இருந்தனர்.

இந்தக் காப்பகத்துக்கு மருத்துவக் கல்வியின் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. டான் ஜியாக் கிம் தலைமையில் சீன, ஆசியச் சமூகத்தார் மனுக் கொடுத்துப் பெற்ற மருத்துவப் பள்ளி, 1905ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் தொடங்கியபோது, அதற்குக் கிடைத்த இடம் காலியாகியிருந்த பெண்கள் மனநோயர் காப்பகத்தின் கட்டடமே. சிங்கப்பூரின் மருத்துவக் கல்வி அங்கிருந்தே வளர்ந்தது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் இன்று நிற்கும் ஊட்ரம் வளாகம் அந்த மேட்டுநிலம்தான்.

1928இல் மனநோயாளிகள் மூன்றாம் முறையாக இடம் மாற்றப்பட்டனர். இயோ சூ காங் சாலையில் கட்டப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். ஜப்பானியர் ஆட்சியில் அக்கட்டடம் மியாக்கோ மருத்துவமனை என்ற பெயரில் வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. போருக்குப் பின், மனநோய் என்ற சொல்லே தீண்டத்தகாததாக இருந்த சூழலில், அருகிலிருந்த மரப்பாலத்தின் பெயரால் 1951இல் அது உட்பிரிட்ஜ் மருத்துவமனை ஆயிற்று. இழுக்கை மறைக்க வைத்த அப்பெயரே பின்னர் ஊர்ப்பேச்சில் இழுக்கான சொல்லாயிற்று. மின்னதிர்ச்சி, இன்சுலின் மயக்கம் ஆகிய சிகிச்சைகளைத் தொடர்ந்து 1950களில் மனநோய் மருந்துகள் வந்தபின்தான், பூட்டி வைப்பதன் தேவை மெல்லக் குறைந்தது. 1968இல் சிங்கப்பூர் மனநலச் சங்கம் தோன்றியது. 1993இல் உட்பிரிட்ஜ் புவாங்கோக்கின் புதிய வளாகத்துக்கு மாறி மனநலக் கழகம் என்ற பெயரைப் பெற்றது.

சிராங்கூன் சாலையைக் கடந்து சென்ற தியான மரபுகள்

கிந்தா சாலைக் கோயில் கட்டப்பட்டபோது கீழ்ப் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தது. 1885இல் மண்டலையும் வீழ, நாடு முழுவதும் அவ்வாறே ஆகி, 1937 வரை நீடித்தது. ஆகவே தமிழர் கடைகளுக்கு நடுவே ஒரு பர்மியக் கோயில் நின்றது அன்றைய ஆட்சி வரைபடத்துக்கு முரணானதன்று. 1859இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தாரே ரங்கூனிலும் கடை வைத்து வட்டித் தொழில் நடத்தினர். வங்காள விரிகுடாவின் கரைகளை இணைத்த கப்பல்கள் பணத்தையும் ஆட்களையும் சமயங்களையும் ஒருங்கே சுமந்தன. மண்டலையிலிருந்து பளிங்குப் புத்தர் சிலை 1921இல் கிந்தா சாலைக்கு வந்தது. 1927இல் ரேஸ் கோர்ஸ் சாலையில் தாய்லாந்துத் துறவி ஒருவரின் முயற்சியால் 15 மீட்டர் உயரப் புத்தருடன் சாக்கிய முனி புத்தகயா கோயில் எழுந்தது.

ஆயினும் 1875இல் காப்பகத்து மருத்துவர் எவரேனும் கிந்தா சாலைக் கோயிலின் படியேறி மனத்துக்கு மருந்து கேட்டிருந்தால் அவருக்குத் தியானப் பயிற்சி கிடைத்திருக்கும் என்று எண்ணுவது காலமுரண். அக்காலப் பௌத்த நாடுகளில் இல்லறத்தார் கடமை, துறவிகளுக்கு உணவளித்தலும் பூசை செய்தலும் ஒழுக்கம் காத்தலுமாகவே இருந்தது. தியானம் துறவிகளிலும் சிலருக்கே உரியதாகக் கருதப்பட்டது. மண்டலையின் வீழ்ச்சியால் அரசனின் ஆதரவை இழந்த பர்மியப் பௌத்தம், இல்லறத்தார் கையில் சமயத்தை ஒப்படைத்தாலன்றி அது பிழைக்காது என்று உணர்ந்தபோதுதான், லெடி சயாடோ போன்ற துறவிகள் கடைக்காரருக்கும் எழுத்தருக்கும் தியானம் கற்பிக்கத் தொடங்கினர். ஆகையால், உலகெங்கும் இன்று பரவியுள்ள இல்லறத்தார் தியானம், காலனிய ஆட்சிக்கு எதிர்வினையாகப் பிறந்த ஒரு நவீன இயக்கமே.

இந்து மரபிலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே மாற்றம் நிகழ்ந்தது. சென்னை நண்பர்களின் உதவியோடு சிகாகோவுக்குப் புறப்பட்ட விவேகானந்தர் 1893இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கி, அருங்காட்சியகத்தையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்துச் சென்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் வெளியான அவரது ராஜயோகம் என்ற நூல், பதஞ்சலியின் யோகத்தை எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு மன அறிவியலாக முன்வைத்தது. அவர் நிறுவிய இராமகிருஷ்ண மிஷனின் கிளை 1928இல், அதாவது நோயாளிகள் இயோ சூ காங்கிற்கு மாறிய அதே ஆண்டில், சிங்கப்பூரில் தொடங்கியது. லிட்டில் இந்தியாவின் நோரிஸ் சாலையில் அது கட்டிய கட்டடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பள்ளி நடந்தது. மனநோய் மருத்துவத்துக்கும் இந்த மிஷனுக்கும் அன்று தொடர்பு ஏதுமில்லை. ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவே முதல் தேவை என்று அது கொண்டது.

மருத்துவத்தையும் யோகத்தையும் ஓர் ஆளில் சேர்த்தவர் ஜொகூரில் வாழ்ந்த ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்று, அம்ப்ரோசியா என்ற மருத்துவ இதழை நடத்தி, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையிலும், பின்னர் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையான ஜொகூர் பாருவிலும் பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்து, 1923இல் அனைத்தையும் துறந்து வடநாடு சென்று சுவாமி சிவானந்தர் ஆனார். ரிஷிகேசத்தில் 1936இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் வெளியிட்ட நூல்களில் மூச்சும் செரிமானமும் உறக்கமும் மனமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமைக்கு, அவர் மலாயாவில் மருந்துப் பெட்டியோடு கழித்த ஆண்டுகளும் ஒரு காரணமாகும்.

மற்றொரு கிளை கோலாலம்பூரிலிருந்து கிளைத்தது. அங்கே சுத்த சமாஜம் என்ற அறநிலையத்தை நிறுவி அநாதைப் பிள்ளைகளை வளர்த்த சுவாமி சத்தியானந்தாவை, 1950களின் நடுவில் பிரிட்டிஷ் அரசுப் பணியிலிருந்த ஜான் மெயின் என்பவர் சந்தித்தார். காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் அசையாது அமர்ந்து ஒரே ஒரு திருச்சொல்லை உள்ளத்துக்குள் ஓதும் முறையைச் சுவாமி அவருக்குக் கற்பித்தார். மெயின் கிறித்துவராதலால் கிறித்துவச் சொல்லையே தேர்ந்துகொள்ளச் சொன்னார். 1961இல் சத்தியானந்தா சாலை விபத்தில் இறந்தபின், 1926இல் சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் சுத்த சமாஜத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். ஜான் மெயினோ ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாகி, 1975இல் இலண்டனில் கிறித்துவத் தியானக் குழுவைத் தொடங்கினார். ஒரு தலைமுறைக்குப் பின் இந்தக் கிளை சிங்கப்பூர் வந்து சேர்ந்த விதம் பின்னர்க் கூறப்படும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். கவனத்தால் வலியை வெல்வது சிராங்கூன் சாலைக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில்வரை, விரதமிருந்து, அலகு குத்திக் காவடி எடுத்துச் செல்லும் அடியார்கள் அதைக் கண்முன் காட்டுகிறார்கள். ஆனால் காவடியாட்டத்தில் மனம் முருகன்மேல் ஒன்றிவிடுவதால் உடலின் நோவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. திருச்சொல்லை ஓதும் தியானமும் ஓரளவு அவ்வகையே. மனவிழிப்புப் பயிற்சியில் நோவு பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. எரிகிறதா குத்துகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா நகர்கிறதா, கூடுகிறதா குறைகிறதா என்று அதுவே கவனத்தின் பொருளாகிறது. பௌத்த மரபு முன்னதைச் சமதம் என்றும் பின்னதை விபஸ்ஸனா என்றும் பிரித்தது. மருத்துவம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பின்னதையே.

ரங்கூனிலிருந்து மாசசூசெட்ஸுக்கு

பர்மிய இயக்கம் உடல்நோயைச் சந்தித்த முக்கியமான தருணம் 1955இல் ரங்கூனில் நிகழ்ந்தது. மண்டலையில் 1924இல் பிறந்த இந்திய வணிகர் கோயங்கா, கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டு, வலியடக்கும் மார்ஃபினுக்கு அடிமையாகிவிடும் அச்சத்தோடு, நாட்டின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தியானம் கற்பித்த உ பா கின் என்பாரை அணுகினார். தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்பது இந்நெறியைத் தாழ்த்துவதாகும் என்று ஆசிரியர் முதலில் மறுத்தார்; மனத்தூய்மைக்காகப் பயின்றால் தலைவலி தானே நீங்கலாம் என்றார். மாணவர் அவ்வாறே பயின்று, தலைவலியிலிருந்து விடுபட்டு, 1969இல் இந்தியா வந்து விபஸ்ஸனாவைப் பரப்பினார். பயன் கருதிப் பயிலலாமா என்று அன்று எழுந்த கேள்வி இச்சிகிச்சையின் வரலாறு முழுவதிலும் தொடர்கிறது. பர்மாவின் மற்றோர் ஆசிரியரான மகாசி சயாடோவிடம் பயின்ற ஜெர்மானியத் துறவி ஞானபொனிக தேரர், 1954இல் கொழும்பில் வெளியிட்ட நூலின் மூலம், மனவிழிப்பே பௌத்தத் தியானத்தின் இதயம் என்ற கருத்தை ஆங்கில வாசகரிடம் கொண்டு சென்றார்.

கோயங்காவின் ஆசிரியர் மறுத்த அதே செயலை 1979இல் ஜான் கபாட்-சின் வெளிப்படையாகச் செய்தார். மூலக்கூறு உயிரியல் படித்த இவர், விபஸ்ஸனாவும் கொரிய ஜென் மரபும் ஹட யோகமும் பயின்றவர். திருவண்ணாமலை இரமணரின் உபதேசங்களும் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகளும் தம்மைப் பாதித்தவை என்று குறித்திருப்பவர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருந்தும் அறுவையும் கைவிட்ட நோயாளிகளை அனுப்புமாறு மருத்துவர்களைக் கேட்டு, சமயச் சொற்களையும் சடங்குகளையும் நீக்கிய ஒரு பயிற்சியை அவர் வகுத்தார். அது நிலைபெற்ற வடிவில் எட்டு வாரம் நடப்பது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, இடையே ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணிப் பயிற்சி. ஓர் உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்பதில் தொடங்கி, படுத்தபடி கால் விரலிலிருந்து உச்சந்தலைவரை கவனத்தை நகர்த்தும் உடல் வலம், மூச்சைக் கவனித்து அமர்தல், மெதுவான ஆசனங்கள் என்று அது விரியும். இவற்றுள் உடல் வலம் உ பா கின் மரபிலிருந்து வந்தது. தீரா வலி கொண்ட 51 நோயாளிகளிடம் கண்ட பலனை 1982இல் அவர் வெளியிட்டபின் இது மருத்துவ இதழ்களின் பொருளாயிற்று.

இப்பயிற்சி வேலை செய்யும் முறையைப் பழந்தமிழ்ச் சொல் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். நோய் என்ற சொல் உடற்பிணியையும் உள்ளத் துயரையும் ஒருசேரக் குறித்தது. தீரா வலி உடையவரிடத்தில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன: முதுகில் எழும் உணர்ச்சி ஒன்று; இது என்றும் தீராது, வேலை போய்விடும், பிள்ளைகளுக்குப் பாரமாவோம் என்று அதைத் தொடரும் எண்ணங்கள் மற்றொன்று. எண்ணங்கள் உடலை இறுக்க, இறுக்கம் வலியைக் கூட்ட, வலி எண்ணங்களைத் தூண்டும். உணர்ச்சியை உணர்ச்சியாகவும் எண்ணத்தை எண்ணமாகவும் தனித்தனியே கண்டுகொள்ளப் பழகியவருக்கு, முன்னது அப்படியே இருந்தாலும் பின்னது தளர்கிறது. மனச்சோர்விலும் இதுவே பயன்பட்டது. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூவர் இதனை அறிவுசார் மனச்சிகிச்சையோடு இணைத்து, 145 பேரிடம் சோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களுள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்ப, இப்பயிற்சியும் பெற்றோரில் 37 விழுக்காட்டினருக்கே திரும்பியது.

மீண்டும் சிப்பாய் லைன்ஸ் மேட்டில்

இவ்வாறு மருத்துவ உடை அணிந்த பிறகே மனவிழிப்பு சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்குள் நுழைய முடிந்தது. பல சமயத்தார் வாழும், சமய நல்லிணக்கத்தைச் சட்டத்தால் காக்கும் ஒரு நகரத்தில், எந்தச் சமயத்தின் அடையாளமும் இல்லாத பயிற்சி என்பது ஏற்புக்கு இன்றியமையாத தகுதியாயிற்று. 2012இல் தொடங்கப்பட்ட பிரம் சென்டர் என்னும் தொண்டு அமைப்பு பொதுமக்களுக்கும் முதியோருக்கும் இதனைக் கற்பிக்கத் தொடங்கியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர்கள், லேசான அறிவாற்றல் குறைவு கண்ட முதியவர்கள் 55 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மனவிழிப்புப் பயிற்சியும் மற்றதற்கு உடல்நலக் கல்வியும் ஒன்பது மாதம் அளித்து, 2020இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்றவர்களிடம், உடலுக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவு குறைந்திருந்தது. சிறிய ஆய்வாயினும், மனப்பயிற்சியின் தடயத்தைக் குருதியில் தேடியதால் அது குறிப்பிடத்தக்கது.

உறக்கமின்மையைப் பற்றிய ஆய்வு இதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஊட்ரம் வளாகத்திலுள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகியவற்றைச் சார்ந்த ஜூலியன் லிம், கிஞ்சல் தோஷி உள்ளிட்டோர், உறக்கமின்றித் தவித்த நடுத்தர வயதினரையும் முதியோரையும் இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு எட்டு வார மனவிழிப்பும் மற்றதற்கு உறக்கப் பழக்கங்களைப் பற்றிய கல்வியும் உடற்பயிற்சியும் அளித்தனர். இரு குழுவினரும் முன்னேறினர். உறக்கமின்மையின் கடுமை மனவிழிப்புக் குழுவில் கூடுதலாகக் குறைந்தது. 1887இல் மனநோயர் காப்பகம் எழுந்த அதே மேட்டில், கிந்தா சாலைக் கோயிலின் தாய்நாட்டிலிருந்து புறப்பட்ட பயிற்சி 134 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவச் சோதனைக்கு உள்ளாகித் தேறியது.

சுத்த சமாஜத்தின் கிளை வந்து சேர்ந்ததும் இக்காலத்திலேயே. ஜான் மெயினின் மரபில் பயின்ற நிதித்துறை வல்லுநர் இங் கொக் சொங், சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவுக்குத் தியானம் கற்பித்தார். மனைவி குவா கியோக் சூ 2008இல் பக்கவாதத்தால் வீழ்ந்து பேச்சற்றுக் கிடந்த ஆண்டுகளில், எந்தச் சமயத்தையும் உறுதியாகப் பற்றாத லீ, 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லை உள்ளுக்குள் ஓதி மனத்தை அமைதிப்படுத்தியதாக 2010இல் ஓர் அமெரிக்க நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் கூறினார். கோலாலம்பூர்ச் சுவாமி ஒருவரின் முறை அயர்லாந்து மரபுத் துறவி ஒருவர் வழியாகச் சிங்கப்பூர்த் தலைவரின் படுக்கையறைக்கு வந்ததை அந்நேர்காணலைப் படித்த தமிழர் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பகுத்தறிவாளராகவே அறியப்பட்ட ஒருவர் வெளிப்படையாகப் பேசியது, தியானத்தை ஒரு மனநலப் பழக்கமாக ஏற்பதற்கு நாட்டில் இருந்த தயக்கத்தைக் குறைத்தது.

வரம்புகளும் சொற்களும்

இச்சிகிச்சையின் மதிப்பை மிகைப்படுத்துவதும் வரலாற்றுப் பிழையே. 47 சோதனைகளையும் 3,515 நோயாளிகளையும் தொகுத்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானப் பயிற்சிகள் மிதமாகக் குறைக்கின்றன என்றும், மருந்து, உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளைவிட அவை மேலானவை என்பதற்குச் சான்றில்லை என்றும் முடிவு கூறியது. புற்றையோ நீரிழிவையோ இது குணப்படுத்தாது. அவற்றோடு வாழ்வதன் பாரத்தைக் குறைக்கலாம். கொடிய நினைவுகளால் தாக்குண்டவர்களுக்கும் மனப்பிறழ்வு நோய் உடையவர்களுக்கும் நெடுநேர மௌனம் தீங்கும் செய்யக்கூடும் என்பதால், தேர்ந்த பயிற்றுநரும் மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு இதனைத் தொடங்குவது கூடாது.

இதன் வேர் நம்முடையது என்று பெருமை கொள்வதும், மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்று வியப்பதும் ஒரே அளவில் பிழையானவை. பர்மியத் துறவிகள் பயிற்சியை இல்லறத்தார்க்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்க அறிவியலாளர் ஒருவர் அதை நோயாளிக்குத் திறந்துவிட்டார். சோதித்துப் பார்க்கும் முறையை மருத்துவம் தந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும், கிந்தா சாலையும் கண்டாங் கெர்பாவும் அண்டை வீடுகளாக மட்டுமே இருந்திருக்கும்.

தமிழ்ச் சமூகத்தின் பங்காக எஞ்சியிருப்பது மொழிப்பணி. உறக்கமின்றியும் வலியோடும் மருத்துவமனை செல்லும் தமிழ் முதியவரிடம், ஆங்கிலக் குறிப்புகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நீட்டினால், அவை அவர் செவியில் விழுமேயன்றி உள்ளத்தில் இறங்கா. மூச்சைப் பார்த்திருத்தல், நோவை நோவென்று அறிதல், கொண்டதை மறவாத கடைப்பிடி ஆகியவை அவர் மொழியில் முன்பே உள்ள சொற்கள். பயிற்றுநர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் புதுச்சொல் ஆக்கத் தொடங்குமுன் அவற்றை எடுத்து ஆள வேண்டும்.